‘இருக்கியா’ விளக்கு

அந்தத் தெருவில் டாக்டரம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று மூன்றாவது வீட்டைக் காட்டுவார்கள். உள்ளே போய்க் கையை நீட்டினால் அவள் நாடி பிடிக்க மாட்டாள். அவள் டாக்டர் இல்லை. டாக்டர் பேசுவதைத் திருப்பிப் பேசுகிறவள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு நோயாளியின் பாஷை தெரியாது, நோயாளிக்கு டாக்டரின் பாஷை தெரியாது. இருவருக்கும் நடுவே தொலைபேசியில் இவள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஜன்னல் திறந்திருந்த காலத்தில் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. யாருடைய வயிறு என்று தெரியாது, எந்த ஊர் வயிறு என்றும் தெரியாது. கெட்டுப்போன வயிறு என்பது மட்டும் தெரியும். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மூலம் ஆறியதா இல்லையா என்று தெரியாமல் எதிர்வீட்டுத் தையற்காரி இரண்டு நாள் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தவித்ததாகக் கேள்வி.

இது சரியில்லை என்று டாக்டரம்மாவுக்கும் தெரியும். அடுத்தவர் உடம்பு அடுத்தவர் ரகசியம். ஜன்னலைச் சாத்தினாள். தெரு அடங்கியது. வீடு அடங்கவில்லை.

வீட்டில் மூன்று பேர்தான். அவள், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர், அவர் அம்மா. ஆனால் அந்த மாமியார் ஒருவரே ஏழு பேருக்குச் சமம். சமையலறையில் அவர் ஒரு தட்டைக் கழுவினால் அக்கம்பக்கத்தில் வீடு மாற்றுகிறார்கள் என்று நினைப்பார்கள். முன்பெல்லாம் மருமகள் அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் மாமியார் சமையலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு தப்பியது பெரிய விஷயம். அதன் பிறகு அவரைத் தனியே விட முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கடையை விரித்தாள். ஒரு பக்கம் கணினி, இன்னொரு பக்கம் ஊறுகாய் பாட்டில். அதுதான் அலுவலகம்.

கெட்டது அங்கேதான். அந்தத் திங்கட்கிழமை ஒரு பெண்மணி வயிற்று உப்புசம் என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"வெந்நீர் குடிக்கச் சொல்லும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

நோயாளிக்குப் பாஷை புரிந்துவிட்டது. "சரிங்கம்மா, இன்னிக்கே குடிக்கறேன்" என்று நன்றி சொல்லி, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே போனை வைத்துவிட்டார். தனக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டர் எப்போது வந்து சேர்ந்தார் என்று அந்த டாக்டர் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார்.

சாயங்காலம் மேலதிகாரி அம்மாள் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் டாக்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க நல்லா வேலை செய்யறீங்க. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நோயாளி பேசறது உங்க காதுக்கு மட்டும்தான். வியாழக்கிழமை நானே வீடியோவுல வந்து உங்க இடத்தைப் பார்க்கறேன். கதவு இருக்கணும், சத்தம் வரக்கூடாது, நீங்க பேசறது வீட்டுல யாருக்கும் கேக்கக்கூடாது. சரியா இல்லைன்னா அடுத்த வாரத்துலேருந்து ஆபீஸுக்கு வந்துடுங்க."

ஆபீஸுக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமியாரை அவருடைய மகள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மகள் நல்லவள்தான். ஆனால் அவள் இருப்பது அடுக்குமாடியின் உச்சியில். ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள். மாமியார் ஒரு முறை போய் ஒரு வாரம் இருந்துவிட்டு, "அங்க பேச்சுத் துணைக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒண்ணுதான்" என்று திரும்பி வந்தவர்.

"நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்றார் மாமியார். அதை அவர் சொன்ன சத்தத்தில் தையற்காரியின் மிஷின் நின்றது.

மறுநாள் டாக்டரம்மாவின் அண்ணன் வந்து இறங்கினான். பெரிய மரச்சாமான் கடையில் அவனுக்கு வேலை. விற்பது அவன் வேலை இல்லை. கடையில் நுழைகிறவர்கள் "நம்ம வீடும் இப்படி இருந்தா" என்று ஏங்கும்படி பொய் அறைகளை ஜோடிப்பது அவன் வேலை. ஷோரூம் அண்ணன் என்றுதான் தெருவில் பேர். கூடவே ஒரு வண்டி நிறையச் சாமான்.

"பாப்பா, நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன் மேலதிகாரி பார்த்தா அசந்துடணும்" என்றான்.

தெருவைப் பார்த்த முன்னறையைக் காலி செய்தான். தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே போட்டான். பழைய திரைச்சீலையைக் கழற்றினான். கண்ணாடி போட்ட மேசை வந்தது. சுழலும் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் நாலு பேரை வேலையை விட்டு நீக்க வேண்டும் போலத் தோன்றும். சுவர் நிறையப் புத்தகங்கள் வந்தன. லிஃப்ட்காரர் ஒன்றை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. உள்ளே வெறும் டப்பா.

"மச்சான், இதுல ஒண்ணுமே இல்லையே."

"வெளிய இருந்து பாருங்க மாப்பிள்ளை. யாரு உள்ள பார்க்கப் போறா?"

அறை அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. பால் கணக்குக் கேட்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்த தையற்காரி கூட, உதட்டைப் பிதுக்க ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனாள். டாக்டரம்மாவுக்கு மட்டும் உள்ளே ஏதோ இடித்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. மின்சாரப் பலகை எதிர்ச்சுவரில் இருந்ததால், கணினியின் வயர் அறையின் நடுவே குறுக்கே ஓடியது. போன வருஷம் விழுந்தவர் இருக்கிற வீட்டில் அது ஒரு வயரா, கண்ணியா?

"அதெல்லாம் கேமராவுல தெரியாது பாப்பா."

புதன்கிழமை ஒத்திகை. லிஃப்ட்காரர் செல்போனோடு தெருமுனை மரத்தடிக்குப் போய்விட்டார், அவர்தான் நோயாளி. ஷோரூம் அண்ணன் வாசலில் காவல். மாமியார் தன் அறையில், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

"எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

"காதுலதான்" என்றார் லிஃப்ட்காரர். "என்ன இது, தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி கேக்குது. நீ சொல்றது ஒரு தடவை வருது, அப்புறம் அதுவே இன்னொரு தடவை வருது. பக்கத்துல மிஷின் வேற ஓடுது."

கண்ணாடி மேசை, வெறும் தரை, வெறும் சுவர், காலி டப்பாப் புத்தகங்கள். பேசுகிறதெல்லாம் பந்து போல மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. திரைச்சீலை போன ஜன்னல் வழியாகத் தெருவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு மாளிகை, காதுக்குக் கடைத்தெரு.

"மேசையைக் கொஞ்சம் நகர்த்திப் பாரு" என்று உள்ளே வந்தான் அண்ணன். நகர்த்திக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் மெல்லிய குரல்.

"ஏம்மா, இருக்கியா?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. ஒத்திகையில் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் தட்டல்.

"உள்ள இருக்கியான்னுதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல."

மறுபடி தட்டல். டாக்டரம்மா எழுந்து கதவைத் திறந்தாள். அவள் கோபக்காரி இல்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து சேர்த்து வைத்தது அன்றைக்குக் கொட்டியது.

"அத்தை, உங்களால ஒரு அரை மணி நேரம் பேசாம இருக்க முடியாதா? நான் இங்க யாருக்காக இவ்வளவும் செய்யறேன்?"

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது அந்த வீட்டில் அதுவரை நடக்காத சம்பவம். திரும்பித் தன் அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம்.

"பெட்டி கட்டறாங்க போல" என்றான் அண்ணன், வேலை மிச்சம் என்கிற குரலில். தங்கை பார்த்த பார்வையில், போய் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தான்.

டாக்டரம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே மாமியார் அறைக்குள் போனாள். அது வீட்டின் பின்பக்கம். சின்ன அறை. ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி, இன்னொரு சுவரை ஒட்டி விருந்தாளிகளுக்கான மெத்தைகள் அடுக்கடுக்காக, மேலே கம்பளிகள், மூட்டை கட்டிய பழைய புடவைகள். இதையெல்லாம் கழித்துக்கட்டச் சொல்லி மகன் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார். தாய் ஒரு கந்தலைக் கூட விட்டதில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு மெத்தை அடுக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"அவ வீட்டுக்குத்தான். நீயும் எத்தனை நாள்தான் பொறுப்பே."

"நான் கோபத்துல சொன்னேன் அத்தை."

"கோபத்துல சொன்னாலும் சரியாத்தான் சொன்னே. எனக்கே தெரியுது. வாயை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அப்புறம் உன் சத்தமும் நின்னுபோச்சு. வீடு அப்படியே அடங்கிப்போச்சா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." மாமியார் ஒரு புடவையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அன்னிக்கு விழுந்தேனே, உன்னைக் கூப்பிட்டேன். நீ ஆபீஸ்ல இருக்கேன்னு தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டேன். பதில் வராத வீட்டுல படுத்துக் கிடக்கறது இருக்கே, அது இடுப்பு வலியை விடப் பெரிய வலி."

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ பேரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டவள், இந்த ஒருத்தரிடம் கேட்கவில்லை. வெந்நீர், தட்டுச் சத்தம், கதவுத் தட்டல் எல்லாமே ஒரே கேள்விதான். இருக்கியா.

கையிலிருந்த போனிலிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது. இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை. மனிதர் மரத்தடியிலேயே நின்றிருக்கிறார்.

"ஏய், இப்ப எங்க இருக்கே?"

"உங்க அம்மா ரூம்ல. ஏன்?"

"காதுக்குள்ள வந்து பேசற மாதிரி இருக்கு. எதிரொலி இல்ல, மிஷின் இல்ல. அம்மா புடவை மடிக்கறது கூடக் கேக்குது."

மருமகளும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் மெத்தை அடுக்கைப் பார்த்தார்கள். அப்புறம் கம்பளிகளை. அப்புறம் அலமாரியை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதை.

"இதைத்தான் தூக்கிப் போடு தூக்கிப் போடுன்னான் உன் புருஷன்" என்றார் மாமியார். குரல் பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது.

லிஃப்ட்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அம்மா சொன்னதைப் போனிலேயே கேட்டிருந்ததால் முகம் ஒரு மாதிரி இருந்தது. மனைவி விஷயத்துக்கு வந்தாள்.

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க கத்துவாங்கன்னு சொல்வீங்களே. எப்ப நிறுத்துவாங்க?"

"பட்டனை அழுத்துவாங்க. நாங்க கீழேருந்து பதிலுக்கு அழுத்துவோம். உள்ள ஒரு விளக்கு எரியும். ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சதும் கத்தறது நின்னுடும். கதவு திறக்க நேரமானாலும் பொறுமையா நிப்பாங்க."

"அந்த விளக்கு ரெண்டு வேணும்."

அவரிடம் இல்லாததா. எந்தப் பழைய லிஃப்டைக் கழற்றினாலும் ஒரு சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற ஆள். அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை. பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. சாயங்காலத்துக்குள் இரண்டு சின்னப் பலகைகள் தயார். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன், ஒரு பச்சை விளக்கு. இங்கே அழுத்தினால் அங்கே எரியும், அங்கே அழுத்தினால் இங்கே. சத்தம் கிடையாது. ஒரு தடவை அழுத்தினால் இருக்கியா. பதிலுக்கு ஒரு தடவை, இருக்கேன். விடாமல் அழுத்தினால் மட்டும், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வா. அப்படி ஓடினால் இன்னொருவர் அழைப்பை எடுத்துக்கொள்வதற்கு ஆபீஸில் ஏற்பாடு உண்டு; டாக்டரம்மா மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அறைகள் கைமாறின. பின்னறைக்குச் சமையலறையின் பழைய மரமேசை போனது. காய் நறுக்கிய தழும்பு மேல் ஒரு கெட்டித் துணி. சாப்பாட்டு நாற்காலி போனது, முதுகுக்கு ஒரு தலையணையோடு. அதில் உட்கார்ந்தால் கால் தரையில் பட்டது. அறை விளக்கு முகத்துக்கு எதிரே வரும்படி மேசையைத் திருப்பினார்கள். வயர் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போனது. கதவின் அடி இடைவெளியில் ஒரு பழைய புடவையைச் சுருட்டித் தைத்து வைத்தார்கள். தைத்துக் கொடுத்தது தையற்காரி. எதற்கு என்று தெரியாமல்தான் தைத்தாள். தெரிந்திருந்தால் தைத்திருப்பாளா என்பது சந்தேகம்.

மாமியார் கட்டிலோடு முன்னறைக்கு வந்தார். குளியலறை அங்கிருந்து நாலெட்டு. தரைவிரிப்பு வேண்டாம், தடுக்கும் என்று அவரே சொன்னார். ஷோரூம் அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாமான்களை வண்டியில் ஏற்றப் போனான்.

"நாற்காலியைத் தொடாதே" என்றார் மாமியார்.

"அது மேலதிகாரிகளுக்கான நாற்காலிங்க."

"நான் யாருன்னு நினைச்சே?"

லிஃப்ட்காரர் அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டை வைத்தார். டப்பாப் புத்தகங்களையும் மாமியார் விடவில்லை. ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் மாத்திரை. "படிச்ச வீடு மாதிரியும் இருக்கு, சாமான் வைக்கவும் ஆச்சு" என்றார். அண்ணனுக்கு அதைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம். அவன் ஜோடித்த அறைகளில் ஒருவர் உண்மையிலேயே குடியேறியது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை மேலதிகாரி அம்மாள் வீடியோவில் வந்தாள். கேமராவை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னாள். அலமாரி, மெத்தை, கம்பளி, மூட்டை, மூட்டை, இன்னொரு மூட்டை.

"இது ஆபீஸா, துணிக்கடை குடோனா?"

டாக்டரம்மா கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். "பார்க்க அப்படித்தாங்க இருக்கும். கேட்டுப் பாருங்க."

மேலதிகாரி காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். நோயாளி போலப் பேசினாள், டாக்டர் போலப் பேசினாள், நடுநடுவே சும்மா இருந்தும் பார்த்தாள். அப்படி ஒரு மௌனத்தில் மேசை மேல் பச்சை விளக்கு எரிந்தது. டாக்டரம்மா கண்ணை எடுக்காமல் ஒரு விரலால் பட்டனை அழுத்தினாள்.

"அது என்ன?"

சொன்னாள். வழுக்கி விழுந்தது, வெந்நீர், லிஃப்ட் எல்லாம். மேலதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க அத்தையைக் கூப்பிடுங்க."

டாக்டரம்மா கதவைத் திறந்து கூப்பிட்டாள். மாமியார் மெல்ல வந்து, கணினிக்கு முன்னால் முந்தானையைச் சரி செய்துகொண்டு நின்றார்.

"அம்மா, நாங்க இவ்வளவு நேரம் என்ன பேசினோம்? உங்களுக்கு என்ன கேட்டுச்சு? தயங்காம சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல" என்றார் மாமியார். "கதவுகிட்ட நின்னு பார்த்தேன், சுவத்துல காதை வச்சும் பார்த்தேன். ஒரு எழவும் கேக்கல. அதான் எனக்கு வருத்தம்."

மேலதிகாரி சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்தாள்.

"இங்கேயே வேலை செய்யுங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம்." பிறகு, "அம்மா, வெந்நீர் நல்லதுதான். ஆனா டாக்டர் சொல்லட்டும்."

"அவரு சொல்ல மாட்டேங்கறாரேம்மா, அதனாலதானே நான் சொன்னேன்" என்றார் மாமியார்.

திரை அணைந்ததும் டாக்டரம்மா அப்படியே பின்னால் சாய்ந்து, மெத்தை அடுக்கில் தலையை வைத்துக்கொண்டாள். மாமியார் போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அந்தச் சத்தம் முன்னறைச் சுவரைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டது. நல்ல செய்தி என்று தெரு புரிந்துகொண்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட வேண்டியதில்லை, காதை மூடினாலே போதும் என்று அந்த வீடு காட்டிவிட்டது. இப்போது யார் வயிறும் தெருவுக்கு வருவதில்லை. முன்னறை ஜன்னலில், சுழலாத நாற்காலியில், டப்பாப் புத்தகங்கள் பின்னணியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அவரைத்தான் டாக்டரம்மா என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். அவர் மறுப்பதில்லை.

"உள்ள என்ன நடக்குது?" என்று தையற்காரி கேட்டால், "அவ வேலையா இருக்கா" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தெரிந்தால்தானே.

முதல் வாரம் பச்சை விளக்கு மின்மினி மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் குறைந்தது. பிறகு ஒரு நாள் மத்தியானம் வெகு நேரம் எரியவே இல்லை. ஒரு நீண்ட அழைப்பை முடித்துவிட்டு டாக்டரம்மா அந்த விளக்கைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இவளே பட்டனை அழுத்தினாள்.

பதில் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபோது, பின்னால் மேசை மேல் பச்சை எரிந்தது.

தூங்கிப்போயிருந்திருக்கிறார். டாக்டரம்மா மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த அழைப்பு வந்தது.

"சொல்லுங்க" என்றாள். "எங்க வலிக்குது?"